நீடில் வால்வை மாற்றும் முன் அழுத்தத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: அப்பா ஓட்டிய 1964ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 என்னிடம் இருக்கிறது. 1098 சிசி என்ஜின், எஸ்யு ஹெச்எஸ்2 கார்புரேட்டர். பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற வண்டியைச் சென்ற ஆண்டு எடுத்தபோது பழைய எஸ்யு பெட்ரோல் பம்ப் அசையவே இல்லை. அதைக் கழற்றிவிட்டு, பெட்டியில் ‘4–7 பிஎஸ்ஐ’ என்று அழுத்த அளவை அச்சிட்ட சிறிய எலெக்ட்ரானிக் பம்ப் ஒன்றை அதே இடத்தில் மாட்டினோம். அன்று முதல், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவை அறையின் வழிகுழாயில் பெட்ரோல் சொட்டுகிறது. கரும்புகை வருகிறது, பிளக்கில் கரி பிடிக்கிறது, சிக்னலில் நிறுத்தினால் என்ஜின் அணைந்துவிடுகிறது. அந்த அறைக்குள் பெட்ரோலை விட்டு நிறுத்தும் நீடில் வால்வை இரண்டு முறை மாற்றிவிட்டோம். ஒருவர் மிதவைக் கையை வளைத்து மட்டத்தைக் குறைத்தார். இன்னொருவர், என்ஜினுக்குப் பெட்ரோல் வெளிவரும் துளையான ஜெட்டின் நட்டை மேலே ஏற்றிக் கலவையில் பெட்ரோலைக் குறைத்தார். மூன்றாமவர் பெட்ரோல் குழாய்க்குள் சிறு துளையுள்ள பித்தளைப் புஷ் ஒன்றைச் செருகினார். கடைசியாக நானே அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் ஒன்றை வாங்கி அதன் வட்டத்தை 2 என்ற எண்ணில் வைத்தேன். சொட்டுவது குறைந்தது. ஆனால் மேடு ஏறும்போது வண்டி திணறுகிறது. ஏறி முடித்து நிறுத்தினால் மறுபடியும் சொட்டுகிறது. அப்பா சாவியைத் திருப்பி, பம்ப் டிக் டிக் என்று அடித்து ஓயும்வரை காத்திருந்துதான் ஸ்டார்ட் செய்வார். அந்த வண்டி அப்படியே ஓட வேண்டும் என்பது என் ஆசை. கார்புரேட்டரையே மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் ஐந்து வைத்தியங்கள் இருக்கின்றன, ஆனால் அளந்து பார்த்த கணக்கு ஒன்றுகூட இல்லை. கார்புரேட்டருக்குள் நுழையும் பெட்ரோலின் அழுத்தம் எவ்வளவு என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதற்குள் போவதற்கு முன்னால், இன்றே செய்ய வேண்டிய இரண்டு காரியங்களைச் சொல்லிவிடுகிறேன்.

சொட்டுகிற நிலையில் வண்டியை எடுக்காதீர்கள். உங்கள் என்ஜினில் கார்புரேட்டரும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. வழிகுழாய் எங்கே போய் முடிகிறது என்று குனிந்து பாருங்கள். அதன் முனை, சூடான குழாய்கள் எல்லாவற்றையும் தாண்டி வண்டிக்கு அடியில் திறக்க வேண்டும். பாதியில் ஒடிந்தோ கழன்றோ இருந்தால் பெட்ரோல் நேராகக் கொதிக்கும் இரும்பின் மேல் விழும். இந்த ஒரு காரணத்துக்காகவே முழு வண்டியும் எரிந்துபோனதுண்டு. வேலை முடியும்வரை தீயணைப்பான் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை செய்யும் இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். வெளிச்சத்துக்குக் கம்பி இழை பல்பு வேண்டாம், எல்இடி டார்ச் போதும்.

அடுத்து, என்ஜின் ஆயில் டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். மிதவை அறை நிரம்பி வழியும்போது எல்லாப் பெட்ரோலும் வெளியே சொட்டுவதில்லை. ஒரு பங்கு ஜெட்டின் வழியாக உள்ளே வழிந்து, சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு அடியில் போய்ச் சேர்கிறது. ஆயில் மட்டம் குறியைத் தாண்டி ஏறியிருந்தாலோ, பெட்ரோல் வாடை அடித்தாலோ, தண்ணீர் போல நீர்த்திருந்தாலோ என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். நிரம்பி வழிகிற கார்புரேட்டரைச் சில நூறு கிலோமீட்டர் பொறுத்துக்கொண்டு ஓட்டிவிட்டு, பேரிங் தேய்ந்துபோன என்ஜினோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலிலேயே கவனித்திருந்தால் செலவு வெறும் ஆயிலோடு முடிந்திருக்கும்.

இனி நீடில் வால்வுக்கு வருவோம். பெயரில் வால்வு என்று இருப்பதால் தண்ணீர்க் குழாயைப் போல இறுக்கி மூடிவிடும் என்று நினைக்கிறோம். இது தராசு. ஒரு தட்டில் பம்ப் தள்ளுகிற பெட்ரோலின் அழுத்தம், மறு தட்டில் மிதவையின் மிதக்கும் வலு. மிதவை ஏறும்போது அதன் கை ஊசியை மேலே தள்ளித் துளையை அடைக்கிறது. துளைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெட்ரோல் ஊசியைக் கீழே தள்ளப் பார்க்கிறது.

கணக்கோடு பார்த்தால் தெளிவாகும். துளையின் விட்டம் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் 2.5 பிஎஸ்ஐ என்றால் ஊசியின் தலையில் விழும் பாரம் ஏறத்தாழ ஐந்தரை கிராம். அதையே 6 பிஎஸ்ஐ ஆக்கினால் பாரம் பதின்மூன்று கிராமைத் தாண்டுகிறது. மிதவை அதே மிதவைதான், கையின் நீளமும் அதேதான். கூடுதல் எட்டு கிராமைத் தாங்க அதற்கு இருக்கும் ஒரே வழி, பெட்ரோலுக்குள் இன்னும் ஆழமாக மூழ்கி அதிக மிதப்பைப் பெறுவது. மிதவை ஆழமாக மூழ்க வேண்டுமானால் அறையில் மட்டம் உயர வேண்டும். உங்கள் கார்புரேட்டரில் பெட்ரோலின் சரியான மட்டத்துக்கும் ஜெட்டின் வாய்க்கும் நடுவே இருப்பதே சில மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளி கரைந்தால் பெட்ரோல் தானாகவே ஜெட்டில் பொங்கும், என்ஜின் கேட்காமலே குடிக்கும். கரும்புகை அங்கிருந்து வருகிறது. மட்டம் இன்னும் ஏறினால் வழிகுழாய் சொட்டும். நீடில் வால்வு புத்தம் புதிதாக இருந்தாலும், எந்தக் குறையும் இல்லாமல் இருந்தாலும் இதுதான் நடக்கும். நீங்கள் மாற்றிய இரண்டு வால்வுகளிலும் பழுது இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எஸ்யு ஹெச்எஸ்2 நிம்மதியாக வேலை செய்யும் அழுத்தம் ஒன்றரை முதல் மூன்று பிஎஸ்ஐ வரை. பெட்டியில் ‘4–7’ என்று போட்ட பம்ப், பெட்ரோல் ஓடாமல் நிற்கும் நேரத்தில் மேல் எண்ணுக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும். சிக்னலில் ஐட்லிங்கில் நிற்கும்போது என்ஜின் மிகக் குறைவாகத்தான் குடிக்கிறது. அப்போது ஊசியின் மேல் முழு பாரமும் விழுகிறது. வண்டி ஓடும்போது சமாளித்துவிட்டு நின்றதும் அணைந்துபோவது இதனால்தான்.

இப்போது அந்த வைத்தியங்களைப் பாருங்கள். செய்தவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஒவ்வொருவரும் கண்ணில் பட்ட அறிகுறிக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். மிதவைக் கையை வளைத்ததால் ஊசி முன்கூட்டியே மூடுகிறது. ஐட்லிங்கில் கொஞ்சம் உதவியிருக்கும். ஆனால் என்ஜின் நிறையக் கேட்கும் நேரத்தில் அறையில் மட்டம் தாழ்ந்துவிடும். ஜெட் நட்டை ஏற்றியதால் பொங்குகிற நேரத்தில் கலவை ஓரளவு சரியாகத் தெரிந்திருக்கும். மட்டம் சரியாக இருக்கும் நேரத்தில் பெட்ரோல் போதாது.

பித்தளைப் புஷ்ஷைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வைத்தியத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன். குழாயைக் குறுக்கினால் அழுத்தம் குறையும் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயை நினைத்துப் பாருங்கள். கீழே தண்ணீர்க் குழாய் மூடியிருக்கும்போது நடுவில் குழாய் எவ்வளவு குறுகியிருந்தாலும், கடைசி முனையில் தொட்டியின் முழு அழுத்தமும் இருக்கும். திறந்துவிட்டால்தான் குறுகல் தன் வேலையைக் காட்டும், தண்ணீர் மெலிந்து வரும். பெட்ரோலும் அப்படியே. ஊசி மூடி, ஓட்டம் நின்றிருக்கும் நேரத்தில் புஷ்ஷுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே அழுத்தம். எந்த நேரத்தில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டுமோ அந்த நேரத்தில் அது எதுவும் செய்வதில்லை. எந்த நேரத்தில் பெட்ரோல் தாராளமாக வர வேண்டுமோ அந்த நேரத்தில் கழுத்தை நெரிக்கிறது. தொட்டிக்குத் திரும்பிப் போகும் குழாய் ஒன்று இருந்து, அதில் பெட்ரோல் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் குறுகலை வைத்து அழுத்தத்தை ஆளலாம். உங்கள் வண்டியில் திரும்பும் குழாய் கிடையாது.

தாழ்ந்த மட்டம், ஏற்றிய ஜெட், நெரித்த குழாய், அதற்கு மேல் ஒரு ரெகுலேட்டர். நான்கும் ஒரே பக்கம் இழுக்கின்றன. மேட்டில் வண்டி திணறாமல் என்ன செய்யும்?

ஆகவே முதல் வேலை, எல்லாவற்றையும் பழையபடி ஆக்குவது. புஷ்ஷை உருவி எறியுங்கள். ஜெட் நட்டை மேலே முட்டும்வரை ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது அறுகோணத்தின் பன்னிரண்டு பக்கம் கீழே இறக்குங்கள். அது தொடக்க நிலை, கடைசியில் நுணுக்கமாகச் சரிசெய்துகொள்ளலாம். மிதவை அறையின் மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடியுங்கள். மிதவை தன் எடையால் ஊசியின் மேல் சாய்ந்திருக்கும். அந்த நிலையில் மிதவைக் கைக்கும் மூடியின் விளிம்புக்கும் நடுவே 3.2 முதல் 4.8 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்க வேண்டும். 4 மில்லிமீட்டர் டிரில் பிட்டை அதில் நுழைத்துப் பார்த்தால் போதும். கையில் உலோகத் தகடு இருந்தால் அதை மெல்ல வளைக்கலாம். கை முழுவதும் பிளாஸ்டிக் என்றால் வளைக்கக் கூடாது, வால்வின் இருக்கைக்கு அடியில் வாஷரைச் சேர்த்தோ எடுத்தோதான் சரிசெய்ய வேண்டும்.

பிறகு அளக்கலாம். 0 முதல் 15 பிஎஸ்ஐ வரை காட்டும் அழுத்தமானி வேண்டும். டயருக்குக் காற்று பார்க்கும் மானி இதற்கு உதவாது, இரண்டுக்கும் நான்குக்கும் அதில் வேறுபாடே தெரியாது. கார்புரேட்டருக்குள் நுழையும் இடத்துக்கு ஒட்டினாற்போல் ஒரு டி இணைப்பு போட்டு மானியைப் பொருத்துங்கள். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றி, முனையில் இன்சுலேஷன் சுற்றிவிடுங்கள். சாவி நெடுநேரம் ஆனில் இருந்தாலும் காயில் சூடாகாது. இப்போது ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள்.

உங்கள் அப்பா செய்ததைத்தான் நீங்களும் செய்யப் போகிறீர்கள். அவர் பழக்கமாகவோ பொறுமைக்காகவோ காத்திருந்தார் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அந்த டிக் டிக் ஒலியில் அவர் நாள்தோறும் நீடில் வால்வைச் சோதித்துக்கொண்டிருந்தார். பழைய எஸ்யு பம்புக்குள் ஒரு மின்காந்தம் டயாஃப்ரம் என்ற சவ்வை இழுத்து ஸ்பிரிங்கை அமுக்கும். உடனே மின்முனைகள் பிரியும், ஸ்பிரிங் டயாஃப்ரத்தைத் தள்ளிப் பெட்ரோலை அனுப்பும். ஒவ்வொரு டிக்கும் ஒரு தள்ளல். மிதவை அறை நிரம்பி ஊசி மூடிவிட்டால் ஸ்பிரிங் தள்ள முடியாமல் அப்படியே நிற்கும், ஒலி ஓயும். அழுத்தத்தைத் தீர்மானிப்பது அந்த ஸ்பிரிங்தான். அதைக் கார்புரேட்டருக்குப் பொருத்தமாகவே செய்திருந்தார்கள். ரெகுலேட்டர் என்ற பேச்சே தேவைப்படாததற்குக் காரணம் அதுதான்.

புதிய பம்பிலும் இந்த ஒலி கேட்கும். வேகமாக அடித்து, மெதுவாகி, நிற்க வேண்டும். நின்ற பிறகு எண்ணுங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு டிக்குக்கும் குறைவாக இருந்தால் நல்லது. இரண்டு மூன்று நொடிக்கு ஒன்று விழுந்துகொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கோ கசிகிறது: முன்னால் ஊசி வழியாக, அல்லது பின்னால் பம்பின் சொந்த வால்வு வழியாகத் தொட்டிக்கு. ஓயாமல் படபடவென்று அடித்தால் தொட்டியில் பெட்ரோல் இல்லை, அல்லது உறிஞ்சும் பக்கத்தில் காற்று நுழைகிறது. ஒலி ஓய்ந்த நேரத்தில் மானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டர் இல்லாமல் ஒரு முறை, ரெகுலேட்டரோடு ஒரு முறை. ரெகுலேட்டரின் வட்டத்தில் இருக்கும் எண்களை நம்பாதீர்கள். 2 என்ற இடத்தில் வைத்தால் ஒன்றில் ஒன்றரை வரும், இன்னொன்றில் மூன்றரை வரும். மானியைப் பார்த்துத் திருகுவதுதான் முறை.

சாவியை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். மெல்ல இறங்கினால் பரவாயில்லை. சட்டென்று விழுந்தால் கசிவு இருக்கிறது. அது முன்னாலா பின்னாலா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம், அதற்கு எஸ்யு போன்ற வசதியான கார்புரேட்டர் வேறில்லை.

ஏர் கிளீனரை எடுத்துவிடுங்கள். மேலே உள்ள கும்பாவைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றுவதற்கு முன் அது எந்தத் திசையில் இருக்கிறது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கும்பாவையும் பிஸ்டனையும் நேராக மேலே தூக்குங்கள். பிஸ்டனின் அடியில் தொங்கும் நீளமான ஊசி வளைந்துவிடக் கூடாது. (கலவையை அளந்து விடும் ஊசி அது. மிதவை அறையின் நீடில் வால்வு வேறு.) இப்போது டார்ச்சை உள்ளே காட்டினால் தரையில் ஒரு சிறு மேடையும், அதன் நடுவில் ஜெட்டின் வட்ட வாயும் தெரியும். சோக் குமிழ் முழுவதும் உள்ளே போயிருக்கட்டும், அதை இழுத்தால் ஜெட் கீழே இறங்கும். ஜெட் மேலே திரும்பாமல் கீழேயே சிக்கியிருந்தாலும் கரும்புகை வரும். பலர் அதையும் மிதவையின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு ஜெட்டின் வாயையே பாருங்கள். பெட்ரோல் ஏறி வரும். விளிம்புக்குச் சற்றுக் கீழே வந்து, கிணற்றுத் தண்ணீர் போல ஆடாமல் நிற்க வேண்டும். உள்ளே டார்ச் வெளிச்சம் ஒரு புள்ளியாக மின்னும். அந்தப் புள்ளி நிலையாக இருந்தால் மட்டம் சரி, ஊசியும் சரி. மெல்ல மெல்ல உயர்ந்து, விளிம்பில் கண்ணீர் போலத் திரண்டு, மேடையின் மேல் வழிந்தால் ஊசி தோற்றுவிட்டது. உடனே சாவியை அணைத்துவிட்டு, வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுங்கள். இதே சோதனையை 2.5 பிஎஸ்ஐயில் ஒரு முறை, ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு ஒரு முறை செய்து பாருங்கள். என் ஊகம் சரியென்றால் முதல் முறை புள்ளி நிற்கும், இரண்டாவது முறை வழியும். அதற்குப் பிறகு யாரும் உங்களுக்கு இன்னொரு நீடில் வால்வை விற்க முடியாது.

2.5 பிஎஸ்ஐயிலும் வழிந்தால் மட்டுமே மிதவை அறைக்குள் தேடுங்கள். மூடியைத் தலைகீழாகப் பிடித்து, நுழைவுக் குழாயில் சுத்தமான ரப்பர் குழாய் ஒன்றை மாட்டி வாயால் ஊதுங்கள். மிதவையின் எடையே காற்றை நிறுத்த வேண்டும். கம்ப்ரஸர் காற்று வேண்டாம், நல்ல வால்வும் அதற்குத் தோற்கும். ஊசியின் கூம்பில் வளையம் போலத் தேய்மானம் விழுந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சளசளத்தால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கிறது. மிதவையின் பக்கவாட்டில் பளபளப்பான கீறல் இருந்தால் அது அறையின் சுவரில் உரசுகிறது.

இவற்றைவிட அதிகம் பார்ப்பது அழுக்கு. நான்கு நீடில் வால்வுகளை மாற்றிய பிறகு ஒரு கார் என்னிடம் வந்தது. அழுத்தம் சரியாக இருந்தது, மிதவை நன்றாக இருந்தது, ஆனால் ஜெட் வழிந்தது. மூடியைக் கழற்றி வால்வின் இருக்கைக்குள் வெளிச்சம் விட்டபோது, நகத்துணுக்கு போலக் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் எடுத்து விரலில் வைத்து அழுத்தினேன், நெகிழ்ந்தது. ரப்பர். பெட்ரோல் குழாயை இரும்புக் குழாயில் திணிக்கும்போது, வெட்டிய முனையின் பிசிறு குழாயின் உள்தோலைச் சீவியிருக்கிறது. ஒவ்வொரு முறை வால்வை மாற்றும்போதும் அதே குழாயைக் கழற்றி மறுபடியும் திணித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் புதிய துணுக்கு ஒன்று விழுந்திருக்கிறது. குழாய் முனையை அரத்தால் மழுங்கச் செய்து, புது ரப்பர் குழாய் மாட்டியதும் நின்றுவிட்டது. உங்கள் குழாய்க்குள் யாரோ புஷ் செருகியிருப்பதால் இந்த எண்ணம் எனக்குக் கூடுதலாக வருகிறது. அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள்.

இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய் உள்ளிருந்தே உதிரும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட குழாயை வாங்குங்கள். ஆண்டுக்கணக்கில் நின்ற தொட்டியின் அடியில் படிந்த பிசினையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவரும். எனவே தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே ஒரு ஃபில்டர் அவசியம்.

மேடு ஏறி நிறுத்தியதும் சொட்டுவதாக எழுதியிருக்கிறீர்களே, அது தனிக் காரணமாகவும் இருக்கலாம். என்ஜின் அணைந்ததும் மேனிஃபோல்டின் சூடு மேலே எழும். பம்பின் வால்வுக்கும் ஊசிக்கும் நடுவே குழாயில் சிக்கிய பெட்ரோல் விரிந்து, போக வழியில்லாமல் ஊசியைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் நுழையும். சூடான என்ஜின் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆக மறுத்தால் இதைச் சந்தேகியுங்கள். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் குழாய் புகைக்குழாயை ஒட்டிப் போகாமல் விலக்கிக் கட்டுங்கள். புதிய பம்பைப் பழைய பம்பின் இடத்திலேயே, என்ஜின் அறைக்குள் மாட்டியிருப்பதும் இதற்குத் துணைபோகிறது. பழைய எஸ்யு பம்ப் உறிஞ்சுவதற்கென்றே செய்தது, அந்த இடம் அதற்குப் பொருந்தும். இத்தகைய எலெக்ட்ரானிக் பம்புகளுக்குத் தள்ளத்தான் நன்றாக வரும். தொட்டிக்கு அருகில், தாழ்வாக இருக்க வேண்டும்.

அழுத்தம் சரியான பிறகு அளவையும் பார்த்துவிடுங்கள். ரெகுலேட்டரைத் தாண்டி, கார்புரேட்டரில் மாட்டும் குழாயைக் கழற்றி, அதே உயரத்தில் ஒரு பெட்ரோல் கேனுக்குள் விட்டு, அரை நிமிடம் சாவியைத் திருப்புங்கள். உங்கள் என்ஜின் தன் 48 குதிரைத் திறனையும் காட்டினால்கூட என் கணக்கில் மணிக்கு ஏறத்தாழ 15 லிட்டர்தான் குடிக்கும். அரை நிமிடத்தில் கால் லிட்டர் வந்தால் அது தேவையைப் போல இரண்டு மடங்கு, மேடு ஒரு பொருட்டாகவே இருக்காது. அதற்குக் குறைந்தால் ஃபில்டர், பிறகு ரெகுலேட்டர், பிறகு தொட்டியின் மூடியில் காற்று நுழையும் துளை என்று வரிசையாகப் பாருங்கள். மானியைக் காருக்குள் கொண்டுவந்து ஓட்டிக்கொண்டே பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெட்ரோல் நிறைந்த குழாய் ஆட்கள் உட்காரும் இடத்துக்குள் வரவே கூடாது.

கடைசியாகப் பழைய பம்ப். அதை எறியாமல் வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நெடுநாள் நின்ற வண்டியில் எஸ்யு பம்ப் அசையாமல் போவதற்கு மிகச் சாதாரணமான காரணம், மின்முனைகளில் படிந்த ஆக்சைடு. கறுப்பு மூடியைக் கழற்றி, முனைகளுக்கு நடுவே கெட்டியான காகிதத் துண்டை வைத்து இழுத்துத் துடைத்தாலே பல பம்புகள் உயிர் பெற்றுவிடும். டயாஃப்ரம் விறைத்திருந்தால் அதையும் வால்வுகளையும் மாற்ற உதிரித் தொகுப்பு கிடைக்கிறது. டயாஃப்ரத்தைத் திரும்பப் பொருத்தும்போது எத்தனை சுற்று என்ற கணக்கு உண்டு, அதைப் பழகிய கையிடம் கொடுங்கள். எனக்கு இரண்டு வழியும் திறந்திருந்தால் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு அந்தப் பம்பைத்தான் மாட்டுவேன். சரியான அழுத்தம் அதன் ஸ்பிரிங்கிலேயே இருக்கிறது.

அதற்குள் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டி தொழிற்சாலையிலிருந்து பாசிட்டிவ் எர்த்தாக, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலில் இணைந்ததாக வந்தது. எலெக்ட்ரானிக் பம்ப் இப்போது ஓடுகிறதென்றால், அது இரண்டு வகைக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும், அல்லது வழியில் யாரோ நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருக்க வேண்டும். பேட்டரியின் எந்த முனை வண்டியின் உடலில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். மின்முனைகள் கொண்ட பழைய பம்ப் பொதுவாக எந்தப் பக்கத்துக்கும் ஓடும். பிற்காலத்தில் டயோடு சேர்த்து வந்தவை ஓடாது, மாற்றி இணைத்தால் கெட்டுவிடும். எந்தப் பம்பாக இருந்தாலும் அதன் மின்சார வயரில், மோதல் நேர்ந்தால் தானாகத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். அந்தக் காலத்தில் வண்டியோடு அது வரவில்லை.

பழைய பம்பை மாட்டியதும் சாவியைத் திருப்பி, அது அடித்து ஓயும்வரை காத்திருங்கள். ஓய்ந்த பிறகு மானி என்ன காட்டியது, அரை நிமிடத்தில் எத்தனை முறை அடித்தது, கேனில் எவ்வளவு விழுந்தது என்று எழுதி அனுப்புங்கள். கலவையை எப்படி நுணுக்கமாக வைப்பது என்பதை அந்த எண்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.